பச்சரிசியும் பழைய வினாத்தாளும்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன் என்பதை முதல் வருஷம் முழுக்கக் கடையில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. இரண்டாவது மாடியில் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இறங்குவதற்கு இரவு ஒன்பதரை, சீசன் என்றால் பத்தரை ஆகும். இவள் எப்படியும் போய்விடுவாள் என்று தெரிந்தால் சம்பளம் கூட்ட மாட்டார்கள், போனஸில் கைவைப்பார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. தேர்வில் வரவில்லை என்றால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமே.

அதோடு இன்னொன்றையும் மறைத்தேன். பச்சரிசி தின்றேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். நான் தின்றது அப்படி ஒரு வாய் இரண்டு வாய் இல்லை. சுடிதார் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர் பில் போடப் போன இடைவெளியில் நாலு மணியை வாயில் போட்டு, கடைவாயில் நறநறவென்று மெல்ல வேண்டும். மென்றால்தான் அடுத்த ஆளிடம் சிரித்துப் பேச முடியும். இரவு விடுதியில் போர்வைக்குள் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒரு கை அரிசி. தோழி பார்த்தால் ஏலக்காய் என்று பொய் சொல்வேன். பி.காம் படித்தவள், அரசுத் தேர்வு எழுதப் போகிறவள், இப்படி ஒரு பழக்கத்தை யாரிடம் சொல்வது? கெட்ட பழக்கம் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு இரவில்தான் நடந்தது. விடுதிக்கு வந்து, மெஸ்ஸில் ஆறிப்போன இட்லியையோ உப்புமாவையோ தின்றுவிட்டுப் பதினொன்றுக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி வரை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்கள், ஜெராக்ஸ் எடுத்த பழைய வினாத்தாள்கள், திறனறிக் கணக்குக்கு ஒரு நோட்டு. குரூப் 4இல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் அந்த மாதங்களில் புணர்ச்சி விதி ஒரு பக்கத்தை எத்தனை தடவை படித்தாலும், பக்கத்தைத் திருப்பியதும் துடைத்துவிட்டது போல் போய்விடும். கூட்டுவட்டிக் கணக்கில் நடுவில் வந்து எங்கே விட்டோம் என்று தெரியாமல் நிற்பேன்.

தூக்கம் வரும்போது கைபேசியில் ஊக்கப் பேச்சு கேட்பேன். "வெறி வேணும். தூக்கத்தைக் கொல்லு. நாலு மணி நேரம் தூங்குறவன்தான் ஜெயிப்பான்." அந்தக் குரல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கேட்டு முடித்ததும் கால் மணி நேரம் நெஞ்சு நிமிரும், பிறகு பழையபடி கண் செருகும். அப்போது வருகிற எண்ணம்தான் கொடியது. எனக்கு வெறி போதவில்லை, ஆசை உண்மையானதாக இருந்தால் தூக்கம் வருமா, அப்பா மானாமதுரைப் பக்கம் காளவாசலில் செங்கல் சுமக்கிறார், மகள் புத்தகத்தின் மேல் தலை சாய்த்துக் கிடக்கிறாள். இப்படித் திட்டிக்கொண்டே தூங்கிப்போவேன்.

ஒரு தீபாவளி சீசனில் ஸ்டாக் ரூமிலிருந்து காட்டன் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்தது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கட்டோடு சரிந்தவளைப் பின்னால் வந்த சூப்பர்வைசர் அக்கா பிடித்துக்கொண்டார். முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல சாப்ட்டியாடி?" சாப்பிடவில்லை. காலையில் டீ, பதினொரு மணிக்கு டீ, மாலையில் டீ, படிக்கும்போது பிளாஸ்க்கில் டீ. சீசனில் லீவு கேட்டால் முகம் சுளிக்கிற கடைதான். அக்கா என்ன பேசினாரோ, அடுத்த நாள் காலை இரண்டு மணி நேரம் கிடைத்தது.

நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸம்மா என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கி விட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அரிசி, சாம்பல், பல்பம், ஏதாச்சும் திங்குறியாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். "வெக்கப்படாத. இங்க வர்றவங்கள்ல நிறையப் பேரு திங்குறாங்க. அது கெட்ட பழக்கமில்ல, ரத்தம் கம்மின்னு ஒடம்பு சொல்றது." விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அன்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னதை எல்லாம் புத்தகக் குறிப்பு போல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாம் இழுக்கிற மூச்சிலிருந்து ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்துபோவது ஹீமோகுளோபின். உடம்பு அதை உண்டாக்க இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போகிற ஆக்சிஜன் குறைகிறது. களைப்பு, மூச்சு வாங்குவது, எரிச்சல், கவனம் நிற்காமை எல்லாம் அதன் கூடவே வரும். மாதவிடாயில் அதிகம் போகிறவர்களுக்கு, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு, வயிற்றில் பூச்சி இருக்கிறவர்களுக்கு இந்தக் குறை சீக்கிரம் வரும். எனக்கு முதல் இரண்டுமே இருந்தன. சாப்பாட்டோடு குடிக்கிற டீ, சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை சேர உதவும். இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போடக் கூடாது. மலம் கறுத்துப் போகும், வயிறு கொஞ்சம் கட்டும், பயந்து நிறுத்தக் கூடாது. அளவு ஏறிய பிறகும் உடம்பின் இருப்பு நிரம்புவதற்காகச் சில மாதம் தொடர வேண்டும். மாத்திரைக்கு நான் காசு கொடுக்கவில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்ணைத் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுக் குறிப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வியாக வரும் என்று அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். எங்கள் சேலைப் பிரிவில் நிற்கிற பெண்களில் பாதிக்கு மேல் என்று அதற்கு அர்த்தம். நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி என்று அடிக்கோடு போட்ட நாளில் தோன்றவில்லை.

மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே அரிசி ஆசை போய்விட்டது. பையில் கவர் இருக்கும், கை போகாது. அடுத்த மாதம் படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. அதற்கும் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஒரு நாள் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடம் ஒன்றை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. வரிசையாக வந்தது. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை மாதமும் எனக்கு மனசில்லை, ஊக்கமில்லை, தகுதியில்லை என்று நான் என்னையே திட்டியது எதைப் பார்த்து? குறைந்திருந்தது ரத்தம்.

ஊக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் அதை மனசில் மட்டும் தேடுகிறார்கள். சோர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம் "கனவு காண், வெறி கொள்" என்று சொல்வதற்கு முன்னால் "என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், மாதவிடாய் எத்தனை நாள் போகிறது" என்று கேட்க வேண்டும். என்னிடம் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், கடையில் அந்த அக்காவும் ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவும். நான் கேட்ட அத்தனை ஊக்கப் பேச்சையும்விட அவர்கள் கேட்ட கேள்விகள்தான் என் படிப்பை நகர்த்தின.

தூக்கத்துக்கு வருகிறேன். பகலில் படித்தது மூளையில் நிலைபெறும் வேலையில் பெரும்பங்கு தூங்கும்போது நடக்கிறது. தூக்கத்தைக் கொன்றுவிட்டுப் படிப்பது, படித்ததையும் சேர்த்துக் கொல்வது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள். ஜவுளிக்கடையில் நிற்கிறவளுக்கு அது முழுதாகக் கிடைக்காது, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். வந்ததும் சாப்பிட்டு, பதினொன்றுக்குள் படுத்து, ஐந்தரைக்கு எழுந்து ஏழு வரை படிப்பது என்று மாற்றிக்கொண்டேன். மூன்று மணி நேரம் படித்த இடத்தில் ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் குற்றவுணர்ச்சி பிடுங்கித் தின்றது. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி இரண்டு மணி வரை விளக்கெரியப் படித்துக்கொண்டிருக்க, நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

குறைந்த நேரத்தைக் கடையில் ஈடுகட்டினேன். சேலை மடிப்பது கைக்குப் பழகிய வேலை. முந்தானையைச் சேர்த்து, ஓரத்துக்கு ஓரம் பிடித்து, மடிப்பு கலையாமல் அடுக்க வேண்டும். கை தன்பாட்டுக்குச் செய்யும். காலையில் படித்ததை மடிக்க மடிக்க மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு சேலைக்கு ஒரு கேள்வி. வராததை உள்ளங்கையில் பேனாவால் ஒரு எழுத்து எழுதிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கழிவறை வாசலில் நின்று துண்டுச் சீட்டைப் பார்ப்பேன். பிற்பாடு தெரிந்துகொண்டேன், ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். புத்தகம் கையில் இல்லாத நேரமும் படிக்கிற நேரம்தான்.

கால் வேறு கதை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற காலில் ரத்தம் கீழேயே தேங்கும். பாதம் வரை இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து தள்ளுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. நாளங்களுக்குள் இருக்கிற வால்வுகள் வருஷக்கணக்கில் அந்தப் பாரத்தைத் தாங்கித் தளர்ந்துபோனால், நீலமும் பச்சையுமாக நரம்பு சுருண்டு வெளியே தெரியும். எங்கள் பிரிவில் நாற்பது தாண்டிய அக்காமார் சிலர் அதற்காகவே பேன்ட் தைத்துப் போடுகிறார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார்வதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது. எங்கள் கடையில் ஸ்டூல் வந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படாத மூலையில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உட்காரலாம். உட்கார முடியாதபோது நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன், இரவு பத்து நிமிஷம் காலைச் சுவரில் உயர்த்திச் சாய்த்துப் படுப்பேன்.

கடைப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் ஆள் மாற்றிவிட வேண்டும், சொல்ல வேண்டும். நீர்க்கடுப்போடு நின்றுகொண்டு பட்டுச் சேலையை விரித்துக் காட்டுகிற பெண் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் இப்போது இரண்டு பாட்டில் குடிக்கிறேன். போக வேண்டும் என்றால் போகிறேன். முறைத்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள்.

இனி மனசைப் பற்றி. என்னோடு விடுதியில் இருந்த ஒருத்தி முதல் முறையிலேயே தேறினாள். லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். அன்று இரவு அந்த லட்டை என்னால் தின்ன முடியவில்லை. அவள் மேல் எனக்கு இருந்தது பொறாமை, அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. அடுத்த சில நாட்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சங்கிலி அறுந்துபோய்விட்டது, இனிமேல் ஒட்டாது என்று தோன்றியது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றி அப்போதுதான் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். வார விடுமுறையில் புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவது வழக்கம். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு அது இரண்டாவது வீடு, கட்டணமில்லாத அரசுப் பேருந்தில் போய்விடலாம். ஒரு புதுச் செயல் தன்னால் நடக்கிற பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடலாம் என்கிறது அந்த ஆய்வு. எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்பதையும் அதில் பார்த்திருக்கிறார்கள். விட்ட நாளைப் பற்றி அழாமல் மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் உட்கார்ந்தால் போதும். மாதவிடாயின் முதல் நாள் நான் இப்போது படிப்பதில்லை. படுத்திருக்கிறேன். அதற்காக என்னை நான் திட்டுவதும் இல்லை.

லட்டு கொடுத்தவளோடு இப்போதும் பேசுகிறேன். பழைய வினாத்தாளில் சந்தேகம் என்றால் அவளுக்குத்தான் போன்.

2024 ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை தேர்வு. ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது நடக்காத காரியம். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏன்டி, இத்தன நாளா மடிக்கிறப்ப வாய்க்குள்ள முணுமுணுத்தது இதுதானா? நான் நீ ஏதோ சாமி ஸ்லோகம் சொல்றேன்னுல்ல நெனச்சேன்!" லீவு வாங்கிக் கொடுத்தார். அன்று முதல் மடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, துண்டுச் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர் அவர்தான். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், ஐந்தாண்டுத் திட்டங்களின் வரிசை இப்போது அவருக்கே மனப்பாடம். மறைத்துப் படித்த காலத்தில் எனக்கு இல்லாமல் போன துணை இது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் துணையை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம், துணை இல்லாததாலேயே பாதியில் சோர்ந்துபோகிறோம்.

அந்தத் தேர்வின் அறிவிப்பில் முதலில் சொன்ன காலியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் வருகிறது. எவ்வளவு படித்தாலும் இந்தக் கணக்கில் பெரும்பாலோர் திரும்பி வரத்தான் வேண்டும். நானும் திரும்பி வந்தேன். தமிழில் நல்ல மதிப்பெண், தரவரிசை போதவில்லை. 2025 ஜூலை 12 தேர்வையும் எழுதினேன், அதிலும் எட்டவில்லை. ஆனால் 2024இல் விட்டதைவிடக் குறைவான கேள்விகளையே விட்டேன். மூன்று மணி நேரமும் கை நடுங்காமல், தலை சுற்றாமல் வட்டங்களைக் கறுப்பாக்கினேன். ஹீமோகுளோபின் இப்போது 12.3. அடுத்த அறிவிப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தேறிய பிறகு இதை எழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். தேறியவர்கள் எழுதுவது நிறைய இருக்கிறது. முந்நூறில் ஒருவர் தேறும் தேர்வில் மற்ற 299 பேரும் எந்த உடம்போடு வீடு திரும்புகிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. வேலை கிடைப்பது முழுக்க நம் கையிலும் இல்லை. அதற்காகக் கண்ணையும் முதுகையும் ரத்தத்தையும் அடகு வைத்துவிட்டால், கிடைக்காத அன்று நம்மிடம் எதுவுமே மிஞ்சாது. கிடைத்த அன்றும் அந்த நாற்காலியில் முப்பது வருஷம் உட்காரப் போவது இதே உடம்புதான்.

தேர்வுக்குப் படிக்கிற தங்கைகளே, அரிசியோ பல்பமோ ஐஸ்கட்டியோ யாருக்கும் தெரியாமல் தின்கிறீர்களா? படித்தது நிற்கவில்லையா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அடுத்த கைடு வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மகள் படிக்கிறாள் என்று பெருமைப்படுகிற அப்பா அம்மாக்களே, போனில் பேசும்போது "எவ்வளவு படிச்ச?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்ட்டியா, தூங்குனியா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வருகிற வரை கேளுங்கள்.